கையை வையுங்க சார்

பிளைவுட் பெட்டி, முன்பக்கம் இரண்டு சதுரம்.
இடது பக்கம் சாதாக் கண்ணாடி.
வலது பக்கம் எங்களுடையது, இரண்டு அடுக்கு,
நடுவில் ஏதோ வாயு, கண்ணில் படாத வெள்ளிப் பூச்சு.
உள்ளே, கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குத் தொங்கவிடும் சிவப்பு பல்பு.
ஆக்டிவாவில் கால்களுக்கு நடுவே அதை நிறுத்தி
சத்துவாச்சாரி, காந்தி நகர், காங்கேயநல்லூர் என்று
இந்தக் கத்திரியில் மட்டும் நாற்பத்தேழு வீடு.

பேச்சு மனப்பாடம்.
பல்பைப் போடணும். இரண்டு நிமிஷம் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசணும்.
அப்புறம் சிரித்தபடி, "கையை வையுங்க சார்."
இடது பக்கம் வைத்த கை வெடுக்கென்று பின்வாங்கும்.
அந்த வெடுக்கில்தான் என் கமிஷன்.

கரிகிரிக்குப் போகும் சாலையில் ஒரு புது வீடு.
பால் காய்ச்சி ஆறு மாசம், வாசல் மாவிலை இன்னும் சருகாய்த் தொங்குகிறது.
ஹாலுக்கு மேற்கே ஜன்னல்,
ஜன்னல் முழுக்கப் பாறை மலை.
வஜ்ஜிரவேல் சார் இடது கண்ணாடியில் கையை வைத்தார்.
எடுக்கவில்லை.
எட்டு, ஒன்பது, பத்து.
வலது பக்கம் மாற்றி வைத்தார்.
"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா கீது."

அப்போதுதான் விரல்களைப் பார்த்தேன்.
மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கி,
நுனியெல்லாம் பழைய வெள்ளைத் தழும்பு.

சாரி சார் என்றேன். எதற்கு என்றார்.
"ஒம்பது வயசுல போனது. மாத்திரை நோவை எடுத்துச்சு,
இதைத் திருப்பிக் குடுக்கல.
அந்த ஆஸ்பத்திரியிலேயே முப்பது வருஷம் செருப்புக்கு ரப்பர் வெட்டினேன்.
கத்தி எங்க கீதுன்னு கண்ணுதான் சொல்லணும்.
டீ சூடா இல்லையான்னு ஆவியப் பார்ப்பேன்.
நீ நம்பரக் காட்டு."

பையில் அடியில் கிடந்தது தெர்மாமீட்டர்,
யாரும் கேட்டதே இல்லை.
இடது ஐம்பத்தி மூன்று. வலது முப்பத்தி ஆறு.
குனிந்து, முழங்கை மடிப்பை ஒவ்வொரு கண்ணாடியாக ஒட்டிப் பார்த்துக்கொண்டு
"ஆமா" என்றார்.

பிறகு நாற்பத்தேழு வீட்டில் எவரும் கேட்காததைக் கேட்டார்:
"பகல் சரி. ராத்திரி அந்தப் பாறை விடுமே, அதுக்கு?
மொட்டை மாடி வழியா எறங்குறதுக்கு?"
ட்ரெயினிங்கில் இதற்குப் பதில் உண்டு, பேச்சை மாற்றச் சொல்வார்கள்.
நான் சொன்னேன்:
மாடிக்கு முதலில் வெள்ளை அடிங்க சார், அது மலிவு.
கிழக்கு ஜன்னலுக்கு இது வேண்டவே வேண்டாம்.
மேற்கு ஒன்றுக்குப் போதும்.

ரஞ்சிதம் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து
"இந்தப் பொண்ணு எப்படிப் பொழைக்கும்?" என்றார்.

அவர் தெர்மாமீட்டரை விடவில்லை.
அந்தச் சிவப்புப் புள்ளி வீடெல்லாம் அலைந்தது.
மேற்குச் சுவர் நாற்பத்தி நாலு,
மோர்ச் சொம்பு பத்தொன்பது,
கட்டிலடியில் பூனை (அது எழுந்து புள்ளியைப் பிடிக்கப் பாய்ந்தது),
அந்த அம்மா நெற்றி, "சும்மா இருய்யா",
கடைசியாகத் தன் உள்ளங்கை.
முப்பத்தி நாலு புள்ளி ரெண்டு.
உன்னைக் காட்டு என்றார். நீட்டினேன்.
முப்பத்தி நாலு புள்ளி ஐந்து.
"பரவாயில்ல" என்றார்,
யாருக்குச் சொன்னாரென்று தெரியவில்லை.

நாலடிக்கு மூன்றரை, ஒரே ஜன்னல். அட்வான்ஸ் ஐந்நூறு.
ஃபாரத்தில் என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார், ஹெப்-சி-பா.
பெட்டியை மூடும்போது
"பல்பு ஆறல, தொடாத" என்றார்.
எப்படித் தெரியும் என்று திரும்புவதற்குள் தொட்டுவிட்டேன்.

காட்பாடி மேம்பாலத்தில் நெரிசல், மணி ஆறே கால்.
வெயில் போய்விட்டது, ரோடு இன்னும் அனல் விடுகிறது.
கொப்புளம் வந்த விரலால் பிரேக்கைப் பிடிக்கிறேன்.
எரிகிறது. விட்டு, மறுபடி பிடிக்கிறேன்.
நாளை காலை தோட்டப்பாளையத்தில் இரண்டு வீடு.
என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.